மூன்றரை வயதுப் பையனை டேகேரிலிருந்து நிறுத்தச் சொல்கிறார்கள், இல்லினாயில் என்ன செய்யலாம்?

நிலாமுற்றம்:

வணக்கம். சிகாகோ புறநகர் ஒன்றில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது, நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றரை வயதிலிருந்து ஒரே டேகேர்தான். இரண்டு வயது அறையில் இருந்தவரை ஒரு புகாரும் வந்ததில்லை, மாலையில் அழைத்து வரப் போனால் சமத்துப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். கோடையில் மூன்று வயது அறைக்கு மாற்றினார்கள், அதிலிருந்து ஆரம்பித்தது. தள்ளுகிறான், கையில் இருப்பதை யாராவது பிடுங்கினால் கடிக்கிறான், ஒரு தடவை சின்ன நாற்காலியைத் தூக்கிப் போட்டிருக்கிறான். போகும்போதெல்லாம் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள்: இன்ன நேரத்தில் இன்னொரு குழந்தையின் (பெயர் சொல்ல மாட்டார்கள்) முழங்கையில் கடித்தான், ஐஸ் வைத்தோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாள்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. ‘இன்றைக்கு அவனால் முடியவில்லை, வந்து அழைத்துப் போக முடியுமா’ என்று பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள். இப்போது வாரத்தில் பாதி நாள் இப்படித்தான் போகிறது. என் மேனேஜர் நல்லவர், ஆனால் அவரும் எவ்வளவு நாள் பொறுப்பார்?

வெள்ளிக்கிழமை டைரக்டர் கூப்பிட்டு, உங்கள் பையனுக்கு இந்த இடம் சரிப்படவில்லை, இரண்டு வாரத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கூடவே ஒரு படிவம் கொடுத்தார். பெற்றோர் தம் விருப்பத்தின் பேரில் குழந்தையை நிறுத்திக்கொள்கிறோம் என்று அதில் அச்சடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் டெபாசிட்டைத் திருப்பித் தருவார்களாம்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். அவனுக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் கோபம் வந்தால் வாயில் தமிழ்தான் வரும். ஒரு நாள் கொஞ்சம் முன்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், ஒரு பெண் குழந்தை அவன் ரயிலை எடுக்க வந்தது, இவன் ‘வேணாம், நான் முடிச்சுட்டுத் தரேன்’ என்று தெளிவாகச் சொன்னான். அந்தக் குழந்தைக்கு என்ன புரியும்? அது இழுத்தது, இவன் தள்ளிவிட்டான். டீச்சர் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது தள்ளியது மட்டும்தான்.

கணவர் வம்பு வேண்டாம், வேறு டேகேர் பார்க்கலாம் என்கிறார். மாமியார் ஆண் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்கிறார். பக்கத்து டேகேர்கள் எல்லாவற்றிலும் காத்திருப்போர் பட்டியல். இப்படி நிறுத்த அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? இவனுக்கு உண்மையிலேயே ஏதாவது பிரச்சினை இருக்குமோ என்ற பயமும் உள்ளுக்குள் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தையடிப்பாதை:

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். டெபாசிட் போனால் போகட்டும்.

இல்லினாயில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, பொதுச்சட்டம் 100-0105, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. மாநில நிதியில் நடக்கும் ப்ரீஸ்கூல்களும் மாநில உரிமம் பெற்ற டேகேர்களும் சின்னக் குழந்தைகளை நடத்தையைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சிக்கல் தொடர்ந்து வந்தால் அவர்கள் அதைக் கவனித்து எழுதி வைக்க வேண்டும், என்னென்ன செய்து பார்த்தோம் என்று பதிவு வைக்க வேண்டும், உங்களையும் உட்கார வைத்துத் திட்டம் போட வேண்டும், தேவைப்பட்டால் உங்கள் சம்மதத்தோடு வெளியிலிருந்து நிபுணர் உதவி கேட்க வேண்டும். இவ்வளவையும் செய்த பிறகும் அவனுக்கோ மற்றக் குழந்தைகளுக்கோ இது சரிவராது என்று ஆனால் வேறு இடத்துக்கு மாற்றலாம், ஆனால் அதையும் திட்டமிட்டுச் செய்ய வேண்டும், ‘இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்’ என்று கையை விரிக்க முடியாது. உடனடி ஆபத்து என்றால் அந்த நேரத்துக்குத் தற்காலிகமாக விலக்கி வைக்க இடம் உண்டு, அது வேறு.

ஆனால் பெற்றோர் தாமாகவே நிறுத்திக்கொண்டால் இந்தச் சட்டம் எதுவும் குறுக்கே வராது. அந்தப் படிவம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இன்று இரவே டைரக்டருக்கு ஒரு மெயில் போடுங்கள். சண்டைத் தொனி வேண்டாம், வக்கீல் என்ற பேச்சே வேண்டாம். எங்கள் மகன் இங்கேயே தொடர வேண்டும் என்று விரும்புகிறோம், இதுவரை நடந்த சம்பவங்களின் பதிவுகள் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும், உங்கள் எழுத்துபூர்வமான ஒழுங்குக் கொள்கை வேண்டும், இதுவரை வகுப்பில் என்னென்ன முயற்சி எடுத்தீர்கள், வெளி ஆலோசகர் யாரையாவது அழைத்தீர்களா, எப்போது உட்கார்ந்து பேசலாம், இவ்வளவு போதும். அப்புறம் சீக்கிரம் வந்து அழைத்துப் போகச் சொன்ன போன்கள் எல்லாவற்றையும் உங்கள் அழைப்புப் பட்டியலைப் பார்த்துத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். டேகேர் கணக்கில் அது ‘சீக்கிரம் கிளம்பினான்’ என்றுதான் இருக்கும், இடைநீக்கம் என்று எங்கும் பதிவாகாது. நாடு முழுக்க இப்படிப் பதிவாகாமல் போகிற குழந்தைகள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, உங்கள் டேகேர் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். உரிமம் தேவைப்படாத சில இடங்களும் உண்டு, அங்கே கதை மாறும்.

பழையசோறு:

இதற்குப் போய்ச் சட்டம், மெயில், மீட்டிங். எங்கள் காலத்தில் ரெண்டு தட்டு தட்டினால் அடுத்த நாள் சரியாகிவிடும். அமெரிக்கா போனதும் எல்லோரும் மாறிவிட்டீர்கள்.

மணிச்சத்தம்:

பழையசோறு அண்ணா, கடிக்கிற பிள்ளையை அடித்தால் பெரியவர்கள் சின்னவர்களை அடிக்கலாம் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். அதோடு இதை விட்டுவிடுகிறேன்.

நிலாமுற்றம், நான் ஹெட் ஸ்டார்ட்டில் (வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு நிதியில் நடக்கும் ப்ரீஸ்கூல்) மூன்று, நான்கு வயது வகுப்பில் டீச்சராக இருக்கிறேன். 2016-இல் வந்த புதிய ஹெட் ஸ்டார்ட் விதிகள் நடத்தைக்காகக் குழந்தையை வெளியேற்றுவதை அடியோடு தடை செய்துவிட்டன, இடைநீக்கத்தையும் கடைசிக் கட்டத்தில், கொஞ்ச நாளுக்கு மட்டும் என்று இறுக்கிவிட்டன. அனுப்பிவிடலாம் என்ற கதவு மூடியிருப்பதால் நாங்கள் வேறு வழி யோசித்தே ஆக வேண்டும். கஷ்டமாக இருக்கிற நாட்களில் நானும் முணுமுணுப்பேன், ஆனால் அந்த மூடிய கதவால்தான் வேலை நடக்கிறது என்பதையும் கண்ணால் பார்க்கிறேன்.

அந்தத் தாள் கட்டு இருக்கிறதே, அதை மேஜையில் பரப்புங்கள். முதலில் ‘என்ன செய்தான்’ என்ற பத்தியை விட்டுவிடுங்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். போன் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. அது விளையாட்டை நிறுத்தி, பொம்மைகளை அடுக்கி, கை கழுவ வரிசையில் நின்று, சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். ஒரு டீச்சர் கழிவறைப் பக்கம், இன்னொருவர் சாப்பாட்டு வண்டியோடு, நடுவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பசியோடு சும்மா நிற்கிறார்கள். இல்லினாயில் இரண்டு வயது அறையில் எட்டுக் குழந்தைக்கு ஒரு பெரியவர், மூன்று வயது அறையில் பத்துக் குழந்தைக்கு ஒருவர், அறையில் இருபது பேர் வரை இருக்கலாம். உங்கள் பையன் எட்டுக்கு ஒருவர் என்ற இடத்திலிருந்து பத்துக்கு ஒருவர் என்ற இடத்துக்குப் போன பிறகுதான் இது ஆரம்பித்திருக்கிறது. அதனால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் அங்கிருந்து பார்க்கத் தொடங்குவேன்.

அடுத்து, ஒவ்வொரு தாளிலும் கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, கடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். முன்னால் என்ன என்பதற்கான இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது ‘காரணமில்லாமல்’ என்று எழுதியிருப்பார்கள். காரணமில்லாமல் கடிக்கிற மூன்று வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை, பெரியவர் கண் அந்த நேரத்தில் வேறு பக்கம் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். கடித்ததும் அம்மா வந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார் என்றால், அறையின் சத்தம் தாங்காத பிள்ளைக்கு அதைவிட நல்ல பரிசு என்ன இருக்கிறது? சீக்கிரம் அனுப்புவது பல பிள்ளைகளிடம் அந்தப் பழக்கத்தையே வளர்க்கும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி, கை கழுவ வரிசையில் நிற்கும்போதெல்லாம் முன்னால் நிற்பவர் முதுகில் கடிப்பாள். வேறு எந்த நேரத்திலும் தொந்தரவே இல்லை. பின்னாலிருந்து ஒருவர் இடிக்க, முன்னால் ஒருவர் நிற்க, நடுவில் நிற்பது அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவளைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, கை கழுவி வருகிறவர்களுக்குத் துடைக்கிற காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தோம். எல்லோரும் முடித்த பிறகு கடைசியில் அவள் கழுவுவாள். முதுகுகள் தப்பின. காகிதம்தான் கொஞ்சம் அதிகமாகச் செலவானது, ஒவ்வொருவருக்கும் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள்.

உங்கள் பையனிடம் நான் முதலில் செய்வது அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது. ‘முடிச்சுட்டுத் தரேன்’ என்று சொல்கிற பிள்ளைக்குப் பொறுமையும் இருக்கிறது, நியாயமும் தெரிகிறது, எதிரில் இருக்கிறவருக்கு அது போய்ச் சேரவில்லை. வீட்டில் ‘ஸ்டாப்’, ‘மை டர்ன்’, ‘ஹெல்ப் மீ’ மூன்றையும் கையை முன்னால் நீட்டும் சைகையோடு விளையாட்டாகவே பழக்குங்கள். டீச்சருக்கு ‘வேணாம்’, ‘தா’, ‘என்னோடது’ என்று நாலைந்து தமிழ்ச் சொற்களை எழுதி, எப்படி உச்சரிப்பது என்றும் சொல்லிக்கொடுங்கள். விளையாட்டு முடியப் போகிறது என்று ஐந்து நிமிடம் முன்னாலேயே மணற்கடிகாரம் காட்டலாம், அன்றைய நாளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டலாம், பதினொன்றேகாலுக்கு ஒரு பெரியவர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும், வாய் திறக்கும் முன்னே தடுத்துவிடலாம். இதற்கெல்லாம் ஒரு பெரிய சட்டகம் இருக்கிறது, பிரமிட் மாடல் என்பார்கள். அடியில் எல்லாப் பிள்ளைகளுக்குமான பாசமும் அறை ஒழுங்கும், நடுவில் உணர்ச்சிகளையும் நட்பையும் சொல்லிக்கொடுப்பது, நுனியில் ஒரு சிலருக்கு மட்டும் தனித் திட்டம். உங்கள் டைரக்டருக்குப் பெயராவது தெரிந்திருக்கும்.

டீச்சரையும் எதிரியாகப் பார்க்காதீர்கள். அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் கில்லியம் 2005-இல் 40 மாநிலங்களின் அரசு ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய) வகுப்புகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் 1,000 குழந்தைகளுக்கு 6.67 பேர் வெளியேற்றப்படுவதாகத் தெரிந்தது. பள்ளிகளில், கிண்டர்கார்டன் முதல் 12-ஆம் வகுப்பு வரை, அது 2.09. பதினாறு வயதுப் பையனைவிட நாலு வயதுப் பிள்ளையை அனுப்புவது சுலபமாக இருந்திருக்கிறது. பையன்கள் பெண் குழந்தைகளைப் போல நாலரை மடங்கு. அதே ஆய்வில், நடத்தை ஆலோசகர் ஒருவர் வகுப்புக்கு வந்து போகிற இடங்களில் வெளியேற்றம் தெளிவாகக் குறைவு. டீச்சருக்கு வேலை அழுத்தம் அதிகமாக இருந்த இடங்களில் அதிகம். அதாவது அந்த டீச்சருக்கு யாராவது கை கொடுத்தால் உங்கள் பையன் தங்குவான். அப்படி வருகிறவர்களை மழலையர் மனநல ஆலோசகர் என்கிறார்கள், பல மாநிலங்களில் டேகேருக்குச் செலவே இல்லை, இல்லினாயிலும் உங்கள் பகுதிக்கான குழந்தைப் பராமரிப்புப் பரிந்துரை முகமையைக் கேட்டால் வழி சொல்வார்கள். டைரக்டரிடம் ‘ஆலோசகரை அழைக்க நாங்கள் சம்மதிக்கிறோம், கையெழுத்து எங்கே போட வேண்டும்’ என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் மறுப்பது கஷ்டம்.

இரட்டைப்பின்னல்:

எல்லோரும் கடிக்கிற பிள்ளைக்காகவே பேசுகிறீர்கள். கடி வாங்கிய பிள்ளையின் அம்மாவாக நான் ஒன்று சொல்கிறேன். என் பெண் கன்னத்தில் பல் பதிந்த தடத்தோடு வீட்டுக்கு வந்தாள், அடுத்த வாரம் தோளில். காலையில் செருப்பைப் போட்டதும் அழ ஆரம்பித்துவிடுவாள். டேகேர்காரர்கள் ‘வேலை செய்துகொண்டிருக்கிறோம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. நானும் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். ஒரு பிள்ளையின் உரிமைக்காக மற்றப் பிள்ளைகள் எல்லாம் கடி வாங்க வேண்டுமா? சட்டம் இப்படி என்றால் சட்டம்தான் தவறு. நிலாமுற்றம், உங்களைக் குத்திக்காட்டவில்லை, ஆனால் அந்தப் பக்கத்து அம்மாக்கள் எப்படி இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மணிச்சத்தம்:

உங்கள் கோபம் நியாயமானது. கன்னத்தில் தடத்தோடு பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் எங்களுக்கும் நரகம். ஆனால் உங்கள் டேகேரில் என்ன தவறு நடந்தது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. முதல் கடிக்கும் இரண்டாவது கடிக்கும் நடுவில் அந்த அறையில் ஏதாவது மாறியதா? இடம் மாற்றினார்களா, ஆள் கூட்டினார்களா? மாறாத அறையிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பினால் அடுத்த மாதம் வேறொரு பிள்ளை அதே வரிசையில் அதே நேரத்தில் கடிக்கும். அனுப்பிய பிள்ளை இன்னொரு டேகேரில், யாரையும் தெரியாத இடத்தில், இன்னும் அதிகமாகக் கடிக்கும். ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்கவே இல்லை, அதுவும் அனுப்புவதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

பெயர் கேட்காமல் டைரக்டரிடம் நீங்கள் கேட்கலாம்: என் பெண்ணின் பக்கத்தில் அந்த நேரத்தில் யார் நிற்பார்? இதற்குப் பதில் வர வேண்டும்.

ஒத்தையடிப்பாதை:

இரட்டைப்பின்னல், சட்டம் தவறு என்கிறீர்கள். சட்டம் ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்கக் கல்வித்துறையின் சிவில் உரிமைத் தரவில் 2011-12 கல்வியாண்டில் பொதுப் பள்ளி ப்ரீஸ்கூல் பிள்ளைகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 சதவீதம், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 48 சதவீதம். ப்ரீஸ்கூலில்! இது 2014-இல் வெளிவந்தது, அந்த டிசம்பரில் சுகாதாரத் துறையும் கல்வித்துறையும் சேர்ந்து சின்ன வயதில் வெளியேற்றுவதைத் தடுக்க வேண்டும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டன. மேலே சொன்ன கில்லியம் குழுவே 2016-இல் இன்னொன்று செய்தது. டீச்சர்களிடம் ஒரு வீடியோவைக் காட்டி, குறும்பு வரப் போகிறது, கவனித்துச் சொல்லுங்கள் என்றார்கள், கண் எங்கே போகிறது என்று கருவியால் அளந்தார்கள். வீடியோவில் குறும்பு எதுவுமே இல்லை. கண்கள் கறுப்பினப் பையன் மேல்தான் அதிக நேரம் நின்றன, டீச்சர்களில் கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள்.

நம் ஆட்கள் பலர் இதை ‘அவர்கள் பிரச்சினை’ என்று தள்ளிவிடுவார்கள். தள்ளியதை மட்டும் பார்த்த டீச்சரின் கண் என்று நிலாமுற்றம் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

மொழிக்கிளி:

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒன்றில் வேலை. நிலாமுற்றத்தின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை கடிப்பது சாதாரணம், மூன்றரையில் குறைந்திருக்க வேண்டும், ஆனால் அறை மாற்றம், மொழி, பசி எல்லாம் சேர்ந்தால் திரும்பி வரும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அவனுக்கு ஏதோ இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் பார்த்துவிடுங்கள். மூன்று வயது முடிந்துவிட்டால் இலவச மதிப்பீடு உங்கள் பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு, பையன் தனியார் டேகேரில் இருந்தாலும் சரி. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். இல்லினாயில் எழுத்து கைக்கு வந்த 14 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீடு செய்யப் போகிறோமா இல்லையா என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட பின் 60 பள்ளி நாட்களுக்குள் முடிக்க வேண்டும். கோடை விடுமுறை அந்தக் கணக்கில் வராது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

மதிப்பீடு குழந்தையின் சொந்த மொழியில் நடக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம், முடியவே முடியாது என்றால்தான் விலக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுப் பேச்சு தாமதம் என்று எழுதிய அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று அதோடு அறிவுரை வேறு. நிறுத்தாதீர்கள். கோபத்தையும் வருத்தத்தையும் சொல்ல அவனிடம் இப்போதைக்கு இருக்கிற மொழி அதுதான்.

பிள்ளைக்கு ஏதோ குறை என்று பேர் வைத்துவிடுவார்களே என்று பயப்படுகிற பெற்றோர் நிறையப் பேர். மதிப்பீட்டின் முடிவு உங்களிடம்தான் வரும், டேகேருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஒருவேளை குறைபாடு ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால், 1990-இன் ஏ.டி.ஏ. என்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் டேகேருக்கும் பொருந்தும் (மத நிறுவனங்களே நடத்துவதற்கு விலக்கு), நியாயமான மாற்றங்களைச் செய்து பார்க்காமல் அனுப்ப முடியாது.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. இரட்டைப்பின்னல், உங்கள் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்? நீங்கள் எழுதியதைப் படித்து இரவு வெகுநேரம் தூங்கவில்லை, ஆனால் எழுதியதற்கு நன்றிதான்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. மெயில் அனுப்பினேன், சட்டத்தின் எண்ணைக் கடைசி வரியில் மட்டும் குறிப்பிட்டேன். டைரக்டர் மறுநாளே கூப்பிட்டார், குரலே மாறியிருந்தது. தாள்களைப் பரப்பிப் பார்த்தோம், மணிச்சத்தம் சொன்னது அப்படியே. ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். கணவர்தான் அதைப் பார்த்துவிட்டு முதலில் வாயைத் திறந்தார், இவன் பசியில் கடிக்கிறானா என்று. காலையில் அவன் பாதி இட்லியோடு ஓடுகிறவன். இரண்டு தாளில் ‘காரணமில்லாமல்’ என்றே எழுதியிருக்கிறது.

டீச்சரிடம் தனியாகப் பேசினேன். இந்த அறைக்கு அவர் வந்தே கொஞ்ச காலம்தானாம், உதவிக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், தினம் ஒரு புது ஆள் வருகிறாராம். சொல்லும்போது அழுதுவிட்டார். தமிழ்ச் சொற்களை எழுதிய அட்டையை வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். ‘வேணாம்’ அவர் வாயில் ‘வேனம்’ என்று வருகிறது, பையன் அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிறானாம். ஆலோசகருக்கு டேகேர் எழுதிவிட்டது, தேதி இன்னும் வரவில்லை. பள்ளி மாவட்டத்துக்கும் கடிதம் போய்விட்டது.

திங்கட்கிழமை மீட்டிங். இப்போது டைரக்டர் புதிதாக ஒன்று சொல்கிறார்: ஆலோசகர் வரும் வரை பதினொரு மணியோடு அழைத்துப் போங்கள், அரை நாள் மட்டும் வரட்டும். கட்டணம் முழுதாகத்தான். ஒப்புக்கொள்ளலாமா?

ஒத்தையடிப்பாதை:

கூடாது. அது அதே வெளியேற்றம்தான், தவணை முறையில்.

மணிச்சத்தம்:

நான் அவ்வளவு உடனே மறுக்க மாட்டேன். அறையில் நிலையான இரண்டாவது ஆள் இல்லாதபோது கொஞ்ச நாள் குறைந்த நேரம் வருவது அவனுக்கும் மூச்சு விட இடம் கொடுக்கும். ஆனால் எப்போது முழு நாளுக்குத் திரும்புவான் என்ற தேதி எழுத்தில் வேண்டும், அதுவரை வாரத்துக்கு எவ்வளவு நேரம் கூட்டுவார்கள் என்பதும் வேண்டும். தேதி இல்லையென்றால் ஒத்தையடிப்பாதை சொல்வதுதான் சரி, மறுத்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில், அவனுக்கு மட்டும் பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் ஏதாவது சாப்பிடக் கொடுத்து, அடுக்கி வைக்கிற நேரத்தில் டைரக்டரே இருபது நிமிடம் அந்த அறைக்கு வந்து நிற்க முடியுமா என்று. எங்கள் இடத்தில் ஆள் இல்லாத நாட்களில் மேனேஜர் வந்து தட்டு வைப்பார். இரண்டு வாரத்துக்கு என்று கேளுங்கள், முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தாள்களை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், நேரம் போட்ட இடங்களை மஞ்சள் பேனாவால் அடையாளம் செய்துவிடுங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள், பசி என்று கண்டுபிடித்தவர் அவர்தானே, அவரே சொல்லட்டும்.